மன்றத்தில் எழும் வினா

அநுராதபுரத்திலிருந்து ஆட்சி புரிந்த எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைக் கட்டுவித்து, அதன் நீண்ட கயிற்றை வெளியே தொங்கவிட்டிருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. முறை வேண்டியவர் எவராயினும் அக்கயிற்றை இழுக்கலாம். மணி ஒலித்துவிட்டால் மன்னன் எழுந்து வந்து வழக்கைக் கேட்டாக வேண்டும். சோழ நாட்டில் மனுநீதிச் சோழனைப் பற்றியும் இத்தகைய கதையே வழங்குகின்றது. இக்கதைகளைச் சொல்வோர் மன்னனின் நீதியைப் புகழ்வர்; அது தக்கதே. ஆயினும் அதே அளவுக்குக் கருதத்தக்கது அந்தக் கயிறு. கயிறு எட்டாத தொலைவில் இருப்பவனுக்கு மணி இருந்தும் பயனில்லை.

இக்காலக் குடியாட்சியில் ஆராய்ச்சி மணியின் இடத்தை வகிப்பது, பாராளுமன்றத்தில் அமைச்சரை நோக்கி உறுப்பினர் எழுப்பும் வினா. வரவு செலவுத் திட்டமும் பெரிய விவாதங்களும் பத்திரிகைகளின் முதற் பக்கத்தில் இடம்பெறுகின்றன. அமர்வின் தொடக்கத்தில் கேட்கப்படும் வினாக்களோ பெரும்பாலும் கவனிக்கப்படாமற் போகின்றன. அவ்வினாக்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றின் கயிறு எவ்வளவு தூரம் எட்டுகின்றது என்பவற்றை அறிய ஊவா மாகாணத்துக் கொஸ்லந்தவைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம்.

அப்புத்தளை மலைத்தொடர் வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்கும் சரிவில் அமைந்தது கொஸ்லந்த. அருகில் 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காணப் பலர் அவ்வழியே செல்வர். அருவியைச் சூழ்ந்த மலைகளில் தேயிலையும், தேயிலைக்கு நடுவே தொழிலாளர் வாழும் லயங்களும் உள்ளன. மீரியபெத்த அத்தகைய தோட்டப் பிரிவுகளுள் ஒன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கடும் மழைக்குப் பின்னர், மலையின் ஒரு பகுதி பெயர்ந்து வந்து அங்கிருந்த லயங்களை மூடியது. அதிகாலையிலேயே பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறே இருந்தது. முதல் நாட்களில் காணாமற் போனோர் நூற்றுக்கணக்கானோர் எனக் கூறப்பட்டது. பின்னர் அவ்வெண் பலமுறை திருத்தப்பட்டு, மாண்டோரும் காணாமற் போனோருமாக முப்பதுக்கு மேற்பட்டோர் என்று கணக்காயிற்று. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. உயிர் தப்பியோர் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனியவில் இருந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் தங்கினர். அவர்களுக்கெனக் கட்டப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டிலேதான்.

அவ்விடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது எனப் பேரழிவுக்குப் பின்னர் அதிகாரிகள் தெரிவித்தனர். போகச் சொன்னார்களேயன்றிப் போவதற்கு ஓர் இடம் தரப்படவில்லை என்று மக்கள் கூறினர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். எனினும் இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும். எச்சரிக்கை ஒரு நிறுவனத்தின் வேலை. நிலம் இன்னொருவர் கையில். வீடு கட்டும் பணம் மூன்றாவது ஓர் அமைச்சின் பெட்டியில். தோட்டத் தொழிலாளியிடம் நிலமும் இல்லை, பணமும் இல்லை. தரை வெடித்திருப்பதையும், ஊற்று நீர் கலங்கி வருவதையும், நேற்றுவரை மூடிய கதவு இன்று சட்டத்தில் பொருந்தாமல் நிற்பதையும் முதலில் காண்பவன் அவனே. ஆயினும் அவன் கண்டதை அம்மூன்று கதவுகளுக்கும் ஒரே வேளையில் கொண்டு செல்ல அவனால் இயலாது. இயலக்கூடிய கருவி ஒன்று உண்டெனில் அது பாராளுமன்ற வினாவே.

வினாவுக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வருகின்றது? அமைச்சரவை கூட்டாகப் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடையது, அதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டது என்பது இலங்கை அரசியலமைப்பின் விதி. பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது. ஆகவே ஓர் உறுப்பினர் வினவும்போது அவர் தயவு வேண்டி நிற்பவர் அல்லர். கணக்குக் கேட்கும் உரிமையாளரின் பிரதிநிதி அவர். அமைச்சரும் தனி மனிதராக விடையளிப்பதில்லை. தம் கீழுள்ள திணைக்களம் முழுவதற்குமாக அவர் எழுந்து நிற்கின்றார்.

இவ்வழக்கத்தின் வரலாறு நெடியது. இங்கிலாந்தில் தென்கடல் கம்பெனி சரிந்து பலருடைய செல்வம் அழிந்த பின்னர், 1721ஆம் ஆண்டில், தப்பியோடிய அதன் பொருளாளர் பிடிபட்டாரா என்று பிரபுக்கள் சபையில் ஒருவர் கேட்டார். பதிவு பெற்ற முதல் பாராளுமன்ற வினா அதுவே என்பர். 1835ஆம் ஆண்டு முதல் வினாக்கள் முன்கூட்டியே அச்சிடப்படலாயின. இந்தியாவில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை உறுப்பினருக்கு வினவும் உரிமையை அளித்தது. துணை வினாக் கேட்கும் உரிமை 1909ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. முதற் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் சென்றன. இரண்டாம் கேள்வியை ஆட்சியாளர் எவ்வளவு அஞ்சினர் என்பது இதனாற் புலப்படும். இலங்கையில் 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அரசாங்க சபை தோன்றியது. 1947ஆம் ஆண்டில் பாராளுமன்றம் வந்தது. லண்டனில் விவாதங்களை அச்சிட்ட ஹன்சாட் குடும்பத்தின் பெயரே பாராளுமன்ற அறிக்கைக்குப் பெயராகி, கொழும்பிலும் நிலைத்தது.

வினா எழும் முறை இது. உறுப்பினர் தம் வினாவை எழுத்தில் முன்னறிவித்தலாகக் கொடுக்கின்றார். நிலையியற் கட்டளைகளுக்கு அது இணங்குகின்றதா என்று பார்க்கப்படுகின்றது. ஐயம் எழுந்தால் முடிவு சபாநாயகருடையது. ஏற்கப்பட்ட வினா ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகி, உரிய அமைச்சுக்குச் செல்கின்றது. குறித்த நாளில், வாய்மூல விடைக்கான வினாக்களின் வேளையில், உறுப்பினர் எழுந்து வினவ, அமைச்சர் விடையளிக்கின்றார். விரிவான கணக்குகள் வேண்டப்படின் எழுத்துமூல விடையும் பெறலாம். விடையைக் கேட்ட பின்னர், அவ்விடையிலிருந்து எழும் துணை வினாக்களைத் தொடுக்கலாம். காத்திருக்க இயலாத பொதுமுக்கியத்துவம் வாய்ந்த விடயமாயின், கட்சித் தலைவர் தனி அறிவித்தல் வினா எழுப்பலாம். முன்னர் இது நிலையியற் கட்டளை 23(2) என்று வழங்கியது. 2018ஆம் ஆண்டுப் புதிய கட்டளைகளில் 27(2) ஆயிற்று.

வினா எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கும் வரம்பு உண்டு. அது தகவல் வேண்டுவதாகவோ நடவடிக்கை வேண்டுவதாகவோ இருத்தல் வேண்டும். வசைமொழி, வாதம், கற்பனையான நிலைமை, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு என்பன அதில் இடம்பெறல் ஆகாது. அமைச்சரின் பொறுப்புக்கு உட்படாத விடயத்தையும் அவரிடம் கேட்க இயலாது. இவ்வரம்புகள் உறுப்பினரின் வாயை அடைப்பதற்கென்று கருதுவோர் உளர். உண்மையில் இவை வினாவைக் கூர்மையாக்குகின்றன.

ஒரு சான்று கொண்டு இதனை விளக்கலாம். மலைச்சரிவில் வாழும் தோட்ட மக்களைப் பற்றி ஓர் உறுப்பினர், “அரசாங்கம் இம்மக்களை ஏன் கைவிட்டது?” என்று வினவுவதாகக் கொள்வோர், அதற்குக் கிடைக்கும் விடையையும் எளிதில் ஊகிக்கலாம். “அரசாங்கம் எவரையும் கைவிடவில்லை, எல்லா நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டு வருகின்றன” என்பதோடு அது முடிந்துவிடும். கேட்டவருக்கும் சினம் தணியும். சொன்னவருக்கும் சுமை இறங்கும். லயத்தில் இருப்பவருக்கு ஒன்றும் மாறாது.

அதே உறுப்பினர் இவ்வாறு வினவினால் நிலைமை வேறாகும்: ஹல்துமுல்ல பிரதேச செயலாளர் பிரிவில் மண்சரிவு அபாயம் மிக்கவை எனக் குறிக்கப்பட்ட தோட்டப் பிரிவுகள் எவை? ஒவ்வொன்றிலும் வாழும் குடும்பங்கள் எத்தனை? இடம்பெயருமாறு எந்தத் திகதியில், எவர் மூலம், எம்மொழியில் அறிவிக்கப்பட்டது? மாற்றுக் காணி ஒதுக்கப்பட்டதா? ஆயின் எத்தனை பேர்ச்? இல்லையெனின் எப்போது ஒதுக்கப்படும்? இவ்வினாவில் ஒரு சொல்லும் சுடவில்லை. ஆனால் இதற்கு விடை எழுதும் பொருட்டு அமைச்சிலிருந்து திணைக்களத்துக்கும், அங்கிருந்து பதுளைக் கச்சேரிக்கும், பின்னர் பிரதேச செயலகத்துக்கும், கிராம சேவகருக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் கடிதம் செல்ல வேண்டும். உறங்கிக் கிடந்த கோப்பு எழுந்து நடக்க வேண்டும். “எம்மொழியில்” என்ற ஒரு சொல்லுக்கு விடை தேடும் உத்தியோகத்தர், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த குடும்பத்துக்குச் சிங்களத்தில் எச்சரிக்கைக் கடிதம் சென்றிருந்தால் அதனை அன்றே காண்பார். மன்றத்தில் விடை வாசிக்கப்படும் முன்னரே வினா தன் வேலையிற் பாதியை முடித்துவிடுகின்றது.

இத்தகைய வினாவுக்கு வேண்டிய அறிவு அரசாங்கத்திடம் இல்லாததன்று. 1990ஆம் ஆண்டு முதல் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலையகத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வருகின்றது. முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாகவும், 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேறவும் வேண்டும் என்பது அந்நிறுவனம் வகுத்த அளவுகோல். 2005ஆம் ஆண்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் நிறைவேறியது. வரைபடம் உண்டு, அளவுகோல் உண்டு, சட்டமும் உண்டு. இன்ன தோட்டத்தில் மழைமானி இருக்கின்றதா, இரவில் அதனைப் பார்ப்பவர் யார், பார்த்தவர் சொன்னால் லயத்துக் கதவைத் தட்டுபவர் யார் என்பனவே கேட்கப்பட வேண்டியவை.

விடையளிப்போர் கையாளும் உபாயங்களும் பல. மேலும் கால அவகாசம் கேட்பது ஒன்று. தகவல் திரட்டப்பட்டு வருகின்றது என்பது மற்றொன்று. நீண்ட அட்டவணையைச் சபாபீடத்தில் வைத்துவிட்டு அமர்வது பிறிதொன்று. இவற்றைக் கடக்கும் வழி, விடாது தொடர்ந்து வினவுவதே. அதற்கு அயல்நாட்டுச் சம்பவம் ஒன்று சிறந்த சான்று. இந்தியாவில் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1957ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முந்திரா என்ற வணிகரின் கம்பெனிகளில் ஒன்றேகால் கோடி ரூபாயளவில் முதலீடு செய்தது. செப்டெம்பரில் லோக்சபையில் இதைப் பற்றி வினா எழுந்தபோது கிடைத்த விடை தெளிவாக இல்லை. விடயம் அத்தோடு முடிந்துவிடவில்லை. டிசெம்பரில் பெரோஸ் காந்தி, தாம் ஆளுங்கட்சி உறுப்பினராயிருந்தும், ஆவணங்களுடன் எழுந்து நின்றார். நீதியரசர் சாக்லாவின் விசாரணை பகிரங்கமாக நடைபெற்றது. 1958ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். தெளிவற்ற விடையும் ஹன்சாட்டில் ஏறிவிட்டால் அதுவே பின்னர் சான்றாகும் என்பது இதனால் விளங்கும். “விரைவில் வீடு கட்டப்படும்” என்ற ஒரு வரி அச்சில் இருந்தால், அடுத்த ஆண்டு அதே வரியைக் காட்டி வினவலாம்.

கொஸ்லந்தவுக்கு ஒரு தனி இடர் உண்டு. அது எந்த அமைச்சரைக் கேட்பது என்பது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அக்காலத்தில் லயத்தின் கூரைக்கும் ஓர் அமைச்சரே நேரே பொறுப்பாயிருந்தார். 1992ஆம் ஆண்டில் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. அதன் பின்னர் பெருந்தோட்ட அமைச்சு ஒன்று, தோட்ட வீடமைப்பை ஏற்ற அமைச்சு ஒன்று, அனர்த்த முகாமைத்துவம் வேறொன்று, காணி இன்னொன்று எனப் பொறுப்புப் பிரிந்தது. “இது கம்பெனி நிர்வாகத்தின் விடயம்” அல்லது “இது என் அமைச்சுக்கு உரியதன்று” என்று கூறி எவரும் அமர்ந்துவிடலாம். இந்த இடைவெளியை அறிந்த உறுப்பினர் ஒரே நாளில் ஒரே விடயத்தைப் பல வினாக்களாகப் பகுத்து, ஒவ்வோர் அமைச்சரிடமும் அவரவர் கூற்றைப் பெறுவார். விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எவர் கையில் நூல் அறுந்தது என்பது தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னர், வினவுவதற்கு ஓர் உறுப்பினர் வேண்டும். மலையக மக்களின் வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு நேர்ந்தது இங்கேதான். அரசாங்க சபைக் காலத்தில் பெரி. சுந்தரம் அமைச்சராக வீற்றிருந்தார், கோ. நடேசய்யர் உறுப்பினராக நின்று தொழிலாளர் சார்பிற் பேசினார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் வெற்றி பெற்றனர். பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. 1960ஆம் ஆண்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் நியமன உறுப்பினராகச் சென்றார். தேர்தல் வழியாக மீண்டும் ஓர் இடம் கிடைத்தது 1977ஆம் ஆண்டில். நாடற்றவர் நிலை சட்டத்தால் நீங்குவதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியிருந்தன.

வாக்குரிமை இழப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தேர்தல் நாளையே எண்ணுவர். ஆனால் வாக்குச் சீட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயன்படுவது. வினாவோ பாராளுமன்றம் கூடும் வாரந்தோறும் பயன்படுவது. வாக்கு இல்லாத மக்களைப் பற்றி வினவ வேண்டிய தேவை எந்த உறுப்பினருக்கும் எழவில்லை. வினா எழாத இடத்தில் கோப்பு அசையவில்லை. கோப்பு அசையாத இடத்தில் லயம் அங்கேயே நின்றது. மீரியபெத்தவில் மலை சரிந்தது ஒரு காலைப் பொழுதில் எனினும், அம்மலையின் கீழ் மக்கள் அவ்வளவு காலம் வைக்கப்பட்டிருந்ததற்குக் காரணங்கள் பல தலைமுறைகளாகச் சேர்ந்தவை. கேட்கப்படாத கேள்விகள் அவற்றுள் முதன்மையானவை.

நிலைமை மாறியிருக்கின்றது என்பதும் மறுக்கத்தக்கதன்று. 2015ஆம் ஆண்டுத் தேர்தலிலும் 2024ஆம் ஆண்டுத் தேர்தலிலும் பதுளை மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழர் பாராளுமன்றம் சென்றனர். மன்றத்தில் தமிழிலேயே வினவலாம். மொழிபெயர்ப்பு உடனுக்குடன் நடைபெறும். ஹன்சாட்டில் தமிழ் தமிழாகவே அச்சாகும். ஆயினும் மலை பொறுத்திருப்பதில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதே பகுதியில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் அழிந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த தித்வா சூறாவளியில் மலைநாடு முழுவதும் சரிவுகள் நேர்ந்து, பதுளை மாவட்டமும் பெருந்துயருற்றது. 2014ஆம் ஆண்டில் எழுந்த வினாக்களுக்கு முழு விடை இன்னும் வரவில்லை என்பதையே இவை உணர்த்துகின்றன.

வினா உறுப்பினருடைய உரிமை எனினும் அதற்கு உயிர் கொடுப்பது ஊர் மக்களின் செய்தி. உறுப்பினர் ஒருவர் எல்லா மலைச்சரிவையும் நேரிற் காண இயலாது. இன்ன தோட்டம், இன்ன பிரிவு, இத்தனை லயம், இன்ன நாளில் வெடிப்புக் கண்டது, இன்னாரிடம் அறிவித்தது என்று தாளில் எழுதிக் கொடுக்கும் ஒரு தோட்டக் கமிட்டி, நூறு பேர் திரண்டு இடும் முழக்கத்தைவிடப் பெரிய உதவியை அவருக்குச் செய்கின்றது. உறுப்பினர் வழியாகப் பாராளுமன்றத்துக்கு மனு அளித்தால் அது பொதுமனுக் குழுவின் முன் செல்லும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், குடிமகன் ஒருவன் தானே அரச அலுவலகத்திடம் ஆவணம் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவ்வலுவலகம் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு பெற்ற ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர் வினவும்போது, அமைச்சர் பொதுப்படப் பேசி ஒதுங்குதல் அரிது. பின்னர் விடை வந்ததும் அதனை வாங்கிப் படித்து, சொன்னது நடந்ததா என்று பார்த்துத் திரும்பவும் எழுதுவதும் மக்களின் பங்கே.

எல்லாளனின் மணியை அவனே கட்டினான். கயிற்றின் நீளத்தையும் அவனே முடிவு செய்தான். பாராளுமன்றத்தின் மணி அவ்வாறானதன்று. அதன் கயிற்றை நீட்டுவது வாக்காளரும் உறுப்பினருமே. கொழும்பிலிருந்து அது வெகுதூரம் வந்து பதுளையை எட்டிவிட்டது. பதுளை நகரிலிருந்து கொஸ்லந்தவின் மலைச்சரிவுக்கும், அங்கே மழை இரவில் உறங்காதிருக்கும் கடைசி லயத்துக்கும் உள்ள தூரமே எஞ்சியுள்ளது. அடுத்த பெருமழைக்கு முன்னர் அந்தத் தூரம் கடக்கப்படுதல் வேண்டும்.